ஐந்து பேரும் ஒரே தள்ளுதான் தள்ளுகிறார்கள், சம்பளம் மட்டும் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

நைட்ஷிப்ட் ராஜா (ஒத்தக்கடை)

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு சந்தேகம். ஒத்தக்கடையில் இருந்துகொண்டு அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றிக் கேட்கிறானே என்று சிரிக்காதீர்கள், இதுதான் என் வயிற்றுப்பாடு. ஒரு வீடியோ கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். மேட்ச்சை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, யார் எங்கே நின்றார், யார் யாரை மறித்தார் என்று டேக் போட வேண்டும்.

எனக்குக் கொடுத்திருப்பது அஃபென்சிவ் லைன். பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நிற்கும் ஐந்து தடியர்கள். இடது ஓரத்தில் லெஃப்ட் டேக்கிள், பக்கத்தில் லெஃப்ட் கார்டு, நடுவில் சென்டர், அப்புறம் ரைட் கார்டு, வலது ஓரத்தில் ரைட் டேக்கிள். ஆளுக்குச் சுமார் 140 கிலோ இருப்பார்கள். சென்டர் மட்டும் பந்தைத் தொட்டுக் கால் இடுக்கு வழியாகப் பின்னால் கொடுப்பார். மற்ற நாலு பேருக்கும் அந்தக் கொடுப்பினைகூடக் கிடையாது. வேலை எல்லாருக்கும் ஒன்றுதான்: எதிரே வருகிறவனை மறி, பின்னால் நின்று பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மேல் எவன் கையும் படக் கூடாது.

போன வாரம் வேலை குறைவாக இருந்த நேரத்தில் சம்பளக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். டாம்பா பே அணியின் லெஃப்ட் டேக்கிள் ட்ரிஸ்டன் வர்ஃப்ஸ் 2024-ல் போட்ட ஒப்பந்தம் வருஷத்துக்கு 28 மில்லியன் டாலரைத் தாண்டுகிறது. அதே வருஷம் கேன்சஸ் சிட்டியின் சென்டர் க்ரீட் ஹம்ஃப்ரி போட்டது வருஷத்துக்கு 18 மில்லியன். சென்டர்களிலேயே அன்றைக்கு அதுதான் உச்சம். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் ஒருவருக்கு 238 கோடி, இன்னொருவருக்கு 153 கோடி. இத்தனைக்கும் ஹம்ஃப்ரி லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் ஜெயித்தவர்.

டீம் லீடரிடம் கேட்டேன். "பிளைண்ட் சைடுப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். குவார்ட்டர்பேக் வலது கைக்காரர் என்றால், எறியத் திரும்பும்போது இடது பக்கம் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும், அந்தப் பக்கக் காவல்காரனுக்குக் காசு ஜாஸ்தி. அதுவரை புரிகிறது. ஆனால் டெட்ராய்ட்டின் பெனே சூவெல் 2024-ல் ஒப்பந்தம் போட்டபோது நின்றது வலது ஓரம். அவருக்கும் 28 மில்லியன். கார்டுகள் இருபதைத் தாண்டிவிட்டார்கள். சென்டர் மட்டும் என்ன பாவம் செய்தார்?

மேலூர் கார்னர்

தம்பி, எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. ஆனால் ஓரத்தில் நிற்கிறவன் பாடு தெரியும். எங்கள் ஊர் கபடி டீமில் நான் லெஃப்ட் கார்னர். திருவிழா டோர்னமெண்ட் என்றால் வெளியூரிலிருந்து ரைடரைக் கூப்பிட்டு வருவார்கள். அவருக்கு பஸ் காசு, கையில் ஒரு தொகை எல்லாம் உண்டு. எங்களுக்கு மேட்ச் முடிந்ததும் பரோட்டா. கால் முட்டி தேய்ந்தது யாருக்கு?

புரோ கபடியிலும் உச்ச விலை ரைடருக்குத்தான். 2018 ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடி போனவர் ஈரான்காரர் ஃபசல் அத்ராச்சலி, லெஃப்ட் கார்னர். ஆஹா, நம்ம ஆள் என்று நாங்கள் பட்டாசு வெடிக்காத குறை. அதே ஏலத்தில் ரைடர் மோனு கோயத்துக்கு 1.51 கோடி கொடுத்து முடித்துவிட்டார்கள். 2023-ல் பவன் ஷெராவத்துக்கு 2.605 கோடி. அதே ஏலத்தில் ஃபசலுக்கு 1.60 கோடி. புள்ளி எடுக்கிறவனுக்குத்தான் காசு. உங்கள் ஆட்டத்தில் புள்ளியே எடுக்காதவனுக்கு 238 கோடி என்கிறீர்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

திருநகர் சேகர்

ராஜா, உங்கள் டீம் லீடர் சொன்னது பாதிதான், அதுவும் பழைய பாதி.

நான் ஃபிலடெல்ஃபியா பக்கம் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதும் திருநகருக்குத் திரும்பியவன். அந்த ஊர் அணியான ஈகிள்ஸ் பைத்தியம் மட்டும் விடவில்லை. அங்கே ஞாயிறு மத்தியானம் ஒரு மணி ஆட்டம் நமக்கு ராத்திரி பத்தரை, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தபிறகு பதினொன்றரை. நான் சொல்வதில் ஈகிள்ஸ் பாசம் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

லைன்மேனின் விலை தெரிய வேண்டுமா? அவனை விடுங்கள், அவனுக்கு எதிரே நிற்பவனின் சம்பளத்தைப் பாருங்கள். ஓரத்திலிருந்து பாயும் எட்ஜ் ரஷர்கள் 2025-ல் வாங்கிய ஒப்பந்தம்: மைல்ஸ் காரெட் வருஷத்துக்கு 40 மில்லியன், டி.ஜே. வாட் 41, மைக்கா பார்சன்ஸ் 47. அவர்களை மறிக்கும் டேக்கிளுக்கு 28. கொஞ்சம் உள்ளே வந்தால் எதிரணி வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள் கிறிஸ் ஜோன்ஸ், 2024-ல் 31.75. அந்த ரகத்தை மறிக்கும் கார்டுகளில் ட்ரே ஸ்மித்துக்கு 2025-ல் 23.5. சென்டருக்கு நேர் எதிரே நிற்பது பெரும்பாலும் நோஸ் டேக்கிள். பந்தோடு ஓடி வருகிறவனை அடைப்பதற்கென்றே நிறுத்தப்பட்ட மலை அவன், குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது அவனுடைய முதல் வேலை இல்லை. அவன் சம்பளமும் இந்தப் பெயர்கள் பக்கத்தில் வராது. ஆக 2024-ல் சென்டர் 18-ல் நின்றார். மேலூர் தம்பி கேட்டதற்கும் இதுவே பதில். புள்ளி எடுக்கிறவனுக்குத்தான் காசு, அங்கேயும் அப்படித்தான். டாக் ப்ரெஸ்காட் என்ற குவார்ட்டர்பேக்குக்கு வருஷத்துக்கு 60 மில்லியன். அந்த அறுபதைக் காப்பாற்றத்தான் இந்த 28.

இடது பக்கத்துக்கு மவுசு வந்தது எண்பதுகளில். 1985 நவம்பர் 18, திங்கள் ராத்திரி ஆட்டம். நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து விழுந்ததில் வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது. தைஸ்மன் அதன்பிறகு ஆடவே இல்லை. டெய்லர் மாதிரி ஓர் ஆள் வந்தால் யார் மறிப்பது என்று எல்லா அணியும் யோசிக்க ஆரம்பித்தது. ஆனால் யோசனை காசாக மாறியது 1993-ல்தான், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்று ஆனபிறகு. அந்த வருஷமே இண்டியானாபொலிஸ் அணி, பஃபலோவின் லெஃப்ட் டேக்கிள் வில் வுல்ஃபோர்டுக்கு மூன்று வருஷத்துக்கு 7.65 மில்லியன் என்று ஒப்பந்தம் நீட்டியது. அதில் ஒரு குசும்பு. அணியின் அஃபென்ஸ் பக்கத்தில் அதிக சம்பளம் வாங்குபவர் அவராகவே இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அதே ஒப்பந்தத்துக்கு ஈடு கொடுத்தால் பஃபலோ அவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே ஜிம் கெல்லி என்ற பெரிய குவார்ட்டர்பேக் இருந்தார். அவரைவிட ஒரு டேக்கிளுக்கு அதிகம் கொடுப்பதா? விட்டுவிட்டார்கள்.

அப்புறம் ரஷர்கள் புத்திசாலிகள் ஆனார்கள். இடது பக்கம் நல்ல காவல் இருக்கிறது என்றால் வலது பக்கம் வா! டி.ஜே. வாட் பெரும்பாலும் நிற்பது ரைட் டேக்கிளுக்கு எதிரேதான். மயாமியில் ஆடிய குவார்ட்டர்பேக் டுவா டகோவைலோவா இடது கைக்காரர், அவருக்கு முதுகுப்பக்கம் என்பதே வலது ஓரம். ஆகவே வலது ஓரத்தின் விலையும் ஏறியது. நீங்கள் சொன்ன இரண்டு பேரையே எடுங்கள். சூவெல் ரைட் டேக்கிள், 2024 ஏப்ரலில் வருஷத்துக்கு 28 மில்லியன். வர்ஃப்ஸ் லெஃப்ட் டேக்கிள், அதே கோடையில் 28.125. இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் நம்ம காசில் ஒரு கோடி சொச்சம், 238 கோடியில். வர்ஃப்ஸே 2022 சீசன் வரைக்கும் வலது ஓரத்தில் நின்றவர்தான்.

நைட்ஷிப்ட் ராஜா (ஒத்தக்கடை)

அண்ணே, எதிராளி சம்பளத்தைப் பார் என்றது நச்சென்று இருக்கிறது. ஆனால் ஒன்று இடிக்கிறது. கார்டு நல்லா மறிக்கிற ஆள் என்றால் அவரையே தூக்கி ஓரத்தில் நிறுத்தி 28 கொடுத்துவிடலாமே?

திருநகர் சேகர்

முடியாது, அதில்தான் இன்னொரு பாதி விலை இருக்கிறது.

இன்றைக்கு ஷிப்ட்டில், பந்தை எறியும் பாஸ் ஆட்டம் ஒன்றை நிறுத்திவைத்து லெஃப்ட் டேக்கிளின் கால்களை மட்டும் பாருங்கள். பந்து நகர்ந்ததும் அவர் முன்னால் போகமாட்டார். இடது காலைப் பின்னுக்கு உதைத்து, வலது காலை இழுத்து, சாய்வாகப் பின்வாங்குவார். 140 கிலோவை வைத்துக்கொண்டு நண்டு மாதிரி. அவருக்கு இடது புறம் யாரும் இல்லை, வெறும் புல்தரை. எதிராளி அந்தப் புல்தரையைச் சுற்றிக்கொண்டு ஓடி வரலாம், சடாரென்று உள்ளே வெட்டலாம், நேரே நெஞ்சில் வந்து மோதலாம். மூன்றுக்கும் தயாராக ஒற்றை ஆளாக நிற்க வேண்டும். கை நீளமாக இருந்தால்தான் அவன் தொடுவதற்கு முன் இவர் அவனைத் தொட முடியும். 34 அங்குலக் கை இருந்தால் அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட்கள் சந்தோஷப்படுவார்கள், 33-க்குக் கீழே போனால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

கார்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது. மோதல் உடனே வரும், பயங்கரமாகவும் வரும். ஆனால் இடம் குறுகல். அவ்வளவு பெரிய மைதானத்தைக் காவல் காக்க வேண்டியதில்லை.

அதனால் என்ன ஆகிறது? கல்லூரியில் நல்ல லைன்மேன் கிடைத்தால் முதலில் டேக்கிளாகத்தான் நிறுத்துவார்கள். கால் கொஞ்சம் மந்தம், கை கொஞ்சம் குட்டை என்றால் தொழில்முறை அணிக்கு வந்தபிறகு உள்ளே நகர்த்துவார்கள். ஜாக் மார்ட்டின் நோட்ரடேம் கல்லூரியில் லெஃப்ட் டேக்கிள். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் டிராஃப்டில், டல்லஸ் 2014-ல் முதல் சுற்றில் எடுத்துக் கார்டு ஆக்கியது. பத்து வருஷத்துக்கு மேல் லீகிலேயே ஆகச் சிறந்த கார்டுகளில் ஒருவராக இருந்தார். 2023-ல் பயிற்சிக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்து அடம்பிடித்துத்தான் வருஷத்துக்கு 18 மில்லியனுக்கு ஏற்றிக்கொண்டார். அதே சமயம் நல்ல டேக்கிள்கள் 23-ஐத் தாண்டியிருந்தார்கள். டேக்கிளால் கார்டாக ஆட முடியும், கார்டுகளில் ரொம்பப் பேரால் டேக்கிளாக ஆட முடியாது. கிடைப்பது கடினம் என்றால் விலை கூடத்தானே செய்யும்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது ஒப்பந்தத்துக்குத்தான் பொருந்தும். 2011-லிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்துத்தான் சம்பளம், எந்த இடம் என்பதை வைத்து இல்லை. 2024-ல் ஜோ ஆல்ட் ஐந்தாவதாக எடுக்கப்பட்டார். கல்லூரியில் லெஃப்ட் டேக்கிள், லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணியில் வலது ஓரத்தில் நிறுத்தினார்கள். சம்பளத்தில் பைசா மாறவில்லை. ஐந்தாவது ஆளுக்கு என்னவோ அதுதான்.

அனு (கே.கே. நகர்)

நான் அமெரிக்க வருமான வரி ரிட்டர்ன் தயாரிக்கும் ஆபீஸில் இருக்கிறேன். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை எங்களுக்கும் ராத்திரி பகல் கிடையாது, அதனால் ராஜாவின் கஷ்டம் தெரியும். ஆட்டம் பற்றிப் பெரிதாகத் தெரியாது, எண்களைப் பார்த்ததும் கை அரிக்கிறது.

சேகர் சார் சொன்ன அந்த ஒரு கோடி வித்தியாசம் நிஜத்தில் ஒரு கோடி இல்லை. டாம்பா இருப்பது ஃப்ளோரிடாவில். அங்கே மாநில வருமான வரியே கிடையாது. டெட்ராய்ட் இருப்பது மிச்சிகனில், மாநில வரி 4.25 சதவீதம், அதற்கு மேல் டெட்ராய்ட் நகரமும் தனியாக ஒரு வரி போடுகிறது. வெளியூர் போய் ஆடும் மேட்ச்சுக்கு அந்தந்த மாநிலம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், அதனால் முழுத்தொகைக்கும் இந்தக் கணக்குப் போட முடியாது. ஆனாலும் வர்ஃப்ஸ் கைக்கு வருவது சூவெலைவிடக் கணிசமாகக் கூடுதல்.

இன்னொருவரையும் தேடினேன். சார்ஜர்ஸின் லெஃப்ட் டேக்கிள் ரஷான் ஸ்லேட்டர், 2025 ஜூலையில் நாலு வருஷத்துக்கு 114 மில்லியன், அதாவது வருஷத்துக்கு 28.5. காகிதத்தில் வர்ஃப்ஸைவிட அதிகம். ஆனால் கலிஃபோர்னியாவின் உச்ச வரி 13.3 சதவீதம்! இடது ஓரமா வலது ஓரமா என்று பார்ப்பதற்கு முன் எந்த மாநிலம் என்று பார்த்திருக்கலாம். இது என் தொழில் புத்தி, மன்னிக்கவும்.

திருநகர் சேகர்

அனும்மா, இது நான் யோசிக்காத கோணம். ஸ்லேட்டர் பேச்சை எடுத்தீர்களே, அதில் ஒரு சோகமும் இருக்கிறது. ஒப்பந்தம் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பயிற்சியில் முட்டித் தசைநார் கிழிந்து அந்த சீசன் முழுக்கப் போய்விட்டது. ஜோ ஆல்ட்டை வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு மாற்றினார்கள். அதனால்தான் ராஜா, பட்டியலைப் பார்க்கும்போது மொத்தத் தொகையை நம்பாதீர்கள். உத்தரவாதமான தொகை எவ்வளவு என்ற கட்டத்தைப் பாருங்கள். இந்த லீகில் மீதிக் காசெல்லாம் ஆள் அணியில் இருந்தால்தான். சூவெலின் 112 மில்லியனில் உத்தரவாதம் 85.

நைட்ஷிப்ட் ராஜா (ஒத்தக்கடை)

காலைப் பார்த்தேன் அண்ணே. நீங்கள் சொன்ன மாதிரியே பின்னால் உதைத்துப் போகிறார்கள். இத்தனை நாள் நான் கையை மட்டும் பார்த்து டேக் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் கவனித்தேன். பாஸ் ஆட்டத்தில் சென்டர் பாதி நேரம் பக்கத்துக் கார்டோடு சேர்ந்து ஒரே ஆளை மறிக்கிறார். எங்கள் ஃபார்மில் அதற்கு 'டபுள்' என்று போடவேண்டும். டேக்கிளுக்கு 'டபுள்' அபூர்வம்.

இப்போது என் கேள்வி ட்ரே ஸ்மித் பற்றி. அதற்கு ஒரு வருஷம் முன், 2024-ல், கார்டுகளில் உச்சம் ஈகிள்ஸின் லாண்டன் டிக்கர்சன், வருஷத்துக்கு 21. ஸ்மித் ஒரே தாவலில் 23.5. அது எப்படி?

திருநகர் சேகர்

இது ஆட்டத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஃப்ரான்சைஸ் டேக் என்று ஒன்று உண்டு. ஒப்பந்தம் முடிந்த ஓர் ஆட்டக்காரரை வெளியே விடாமல், ஒரு வருஷத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து அணி பிடித்து வைத்துக்கொள்ளலாம். அந்தத் தொகை அவர் ஆடும் இடத்தில் உச்சத்தில் இருக்கும் சம்பளங்களை வைத்துக் கணக்கிடப்படும். இங்கேதான் கோளாறு. லீகின் கணக்கில் லெஃப்ட் டேக்கிள், கார்டு, சென்டர் என்று தனித்தனி இடமே கிடையாது. ஐந்து பேருக்கும் 'அஃபென்சிவ் லைன்' என்று ஒரே பெட்டி! உச்சத்தில் இருப்பதெல்லாம் டேக்கிள்கள், ஆகவே தொகையும் டேக்கிள் தொகை. 2025-ல் அது 23.4 மில்லியன். எந்த அணியும் கார்டுக்கு அவ்வளவு கொடுத்துப் பிடித்து வைக்க யோசிக்கும். கேன்சஸ் சிட்டி யோசிக்காமல் ஸ்மித்துக்குப் போட்டுவிட்டது. அதன்பிறகு நீண்ட ஒப்பந்தம் பேச உட்கார்ந்தால், கையில் ஏற்கெனவே 23.4 இருக்கும் மனுஷன் இருபத்தொன்றுக்கு எப்படி இறங்குவார்? நாலு வருஷத்துக்கு 94 மில்லியன், வருஷத்துக்கு 23.5. இத்தனைக்கும் அவர் 2021-ல் ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். கல்லூரியில் நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தது என்று எல்லாரும் பயந்து ஒதுங்கினார்கள்.

அதே பெட்டி சென்டரை எப்படி உதைக்கிறது பாருங்கள். முதல் சுற்றில் எடுத்தவருக்கு ஐந்தாவது வருஷம் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. அந்தத் தொகையும் இதே ஒற்றைப் பெட்டிக் கணக்குதான். அப்போது பால்டிமோரில் இருந்த டைலர் லிண்டர்பாம் அருமையான சென்டர், நட்சத்திரங்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானவர். 2025-ல் அவருக்கான ஐந்தாவது வருஷத் தொகை சென்டர் உச்சத்தைவிட மில்லியன் கணக்கில் கூடுதலாக வந்தது. பால்டிமோர் வேண்டாம் என்று விட்டுவிட்டது. நல்லா ஆடியதற்குத் தண்டனை மாதிரி இல்லையா?

இதற்கெல்லாம் தாத்தா ஒரு கதை, 2006. சியாட்டில் அணியில் இடது பக்கம் இரண்டு பேர் அடுத்தடுத்து நின்றார்கள். டேக்கிள் வால்டர் ஜோன்ஸ், கார்டு ஸ்டீவ் ஹட்சின்சன். அந்த இரண்டு பேர் முதுகுக்குப் பின்னால் ஓடித்தான் ஷான் அலெக்சாண்டர் 2005-ல் 28 டச்டவுன் போட்டு, லீகின் சிறந்த ஆட்டக்காரர் என்ற எம்.வி.பி. ஆனார், அணி சூப்பர் பவுலுக்கும் போனது. ஹட்சின்சனின் ஒப்பந்தம் முடிந்தது. ஃப்ரான்சைஸ் டேக் போட்டுக் கெட்டியாகப் பிடித்திருக்கலாம். கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்க டிரான்சிஷன் டேக் என்ற மலிவான ரகத்தைப் போட்டார்கள். அதில் மற்ற அணி ஒப்பந்தம் நீட்டலாம், சியாட்டில் அதற்கு ஈடு கொடுத்தால் ஆளை வைத்துக்கொள்ளலாம்.

மினசோட்டா ஏழு வருஷத்துக்கு 49 மில்லியன் நீட்டியது. கூடவே ஒரு நிபந்தனை: அணியின் லைன்மேன்களிலேயே அதிக சம்பளம் ஹட்சின்சனுக்கு இல்லை என்றால், 49 மில்லியனும் முழு உத்தரவாதமாக மாறும். மினசோட்டாவில் அவரைவிட அதிகம் வாங்கும் லைன்மேன் இல்லை, அங்கே அந்த நிபந்தனை செல்லாக்காசு. சியாட்டிலில்? பக்கத்திலேயே வால்டர் ஜோன்ஸ், லெஃப்ட் டேக்கிள், இவரைவிட அதிக சம்பளம். டேக்கிளுக்குக் கார்டைவிடக் கூடுதல் என்ற ஊரறிந்த வழக்கத்தையே கத்தியாக்கிச் சொருகிவிட்டார்கள். சியாட்டில் நடுவரிடம் போய்த் தோற்றது. கடுப்பில் அவர்களும் மினசோட்டாவின் நேட் பர்ல்சன் என்ற, எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவருக்கு அச்சாக அதே ஏழு வருஷம், 49 மில்லியன் என்று ஒப்பந்தம் நீட்டினார்கள். மினசோட்டா மாநிலத்தில் ஒரு சீசனில் ஐந்து மேட்ச் ஆடினால் முழு உத்தரவாதம் என்று அதில் ஒரு நிபந்தனை. சின்னப்பிள்ளைச் சண்டைதான். இந்த மாதிரி நிபந்தனைகளை, லீகும் ஆட்டக்காரர்கள் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்தில் தடை செய்தார்கள். ஜோன்ஸ் 2014-லும் ஹட்சின்சன் 2020-லும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள், இரண்டு பேரும்.

அனு (கே.கே. நகர்)

அப்படியானால் இது சங்கத்தின் தவறு இல்லையா சார்? ஆட்டக்காரர்கள் சங்கம் பேசி ஐந்து இடத்துக்கும் தனித்தனிப் பெட்டி வாங்கியிருக்கலாமே.

திருநகர் சேகர்

வாங்கினால் டேக்கிளின் தொகை அப்படியே இருக்கும், கார்டு, சென்டர் தொகை இறங்கும். ஸ்மித்துக்குக் கிடைத்த நெம்புகோல் போய்விடும். லிண்டர்பாமுக்கு லாபம், ஸ்மித்துக்கு நஷ்டம். சங்கம் எந்தப் பக்கம் சாயும்? ஒரு தகவல்: 1983-லிருந்து 2008 வரை அந்தச் சங்கத்தை நடத்திய ஜீன் அப்ஷா, ரெய்டர்ஸ் அணியின் கார்டு.

கார்டுகளுக்கு அடித்த காற்று வேறு பக்கமிருந்தும் வந்தது. கரோலினாவின் ப்ரைஸ் யங் உயரம் குறைவான குவார்ட்டர்பேக். 2023-ல் 62 முறை வீழ்த்தப்பட்டார். குட்டையான ஆளுக்கு ஓரத்திலிருந்து வருகிறவனைவிட நடுவிலிருந்து வருகிறவன்தான் எமன். ஓரத்து ஆள் வந்தால் ஓர் அடி முன்னால் ஏறித் தப்பலாம், நடுவில் உடைந்தால் எறியும் வழியே தெரியாது. அடுத்த மார்ச்சிலேயே கரோலினா ராபர்ட் ஹன்ட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு 100 மில்லியன், டேமியன் லூயிஸுக்கு நாலு வருஷத்துக்கு 53 என்று இரண்டு கார்டுகளை வாங்கிப் போட்டது.

அப்போது சென்டருக்கு மட்டும் இந்தக் காற்று அடிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்கள் சண்டைக்கு வரலாம். ராஜா, பந்து நகர்வதற்கு முந்தைய சில விநாடிகளை ஓட்டிப் பாருங்கள், அது உங்கள் டேக்கில் வராது. சென்டர் குனிந்து ஒரு கையைப் பந்தின் மேல் வைத்திருப்பார். தலையைத் தூக்கி எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கரை இன்னொரு கையால் காட்டி, அவன் ஜெர்சி எண்ணைச் சொல்லி "மைக்" என்று கத்துவார். யார் யாரை மறிப்பது என்று மற்ற நாலு பேரும் அதை வைத்துத்தான் எண்ணிக்கொள்கிறார்கள். எதிராளிகள் இடம் மாறுவார்கள், இவர் மறுபடி கத்துவார். அப்புறம் பந்தைப் பின்னால் கொடுக்கும் அதே நொடியில் ஒரு கை இன்னும் கால் இடுக்கிலேயே இருக்க, நோஸ் டேக்கிள் வந்து முகத்தில் மோதுவான்.

எங்கள் ஜேசன் கெல்சி இதைப் பதின்மூன்று சீசன் செய்தார். 2011-ல் ஆறாவது சுற்றில் வந்தவர். கடைசி சீசனான 2023-ல் அவருக்கு 14.25 மில்லியன், அன்றைக்கு சென்டர்களில் அதுதான் உச்சம். பக்கத்தில் ஆடிய டேக்கிள்கள் யாரும் அந்தக் காசுக்குப் பேனாவைத் திறக்கமாட்டார்கள். தவறாக ஒரு முறை கத்தினால் ஐந்து பேரும் தவறான ஆளை மறிப்பார்கள். ஆனால் அந்தத் தவறு யார் கணக்கில் எழுதப்படுகிறது? கடைசியில் தாண்டவிட்ட டேக்கிள் கணக்கில். நீங்கள் போடும் டேக்கிலும் அப்படித்தானே இருக்கும்?

நைட்ஷிப்ட் ராஜா (ஒத்தக்கடை)

ஆமாம் அண்ணே. 'பொறுப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது, கடைசியாகத் தொட்டவர் பெயரைத்தான் போடச் சொல்லியிருக்கிறார்கள். யார் கத்தினார் என்று கட்டமே இல்லை.

மேலூர் கார்னர்

எல்லாம் சரி. எனக்கு ஒரே கேள்வி. கபடி ஆடுகிறவனை அந்த ஆட்டத்துக்கு எடுப்பார்களா? ஆள் பிடிப்பதில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

திருநகர் சேகர்

தம்பி, ஈகிள்ஸின் லெஃப்ட் டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாக்காரர், ரக்பி லீக் ஆடியவர். 2018-ல் ஏழாவது சுற்றில் எடுக்கும்போது அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் ஒன்றுகூட ஆடியதில்லை. 2024-ல் மூன்று வருஷத்துக்கு 66 மில்லியன் வாங்கினார். ஆனால் அவர் உயரம் ஆறடி எட்டு அங்குலம், எடை 160 கிலோவுக்குப் பக்கம். உங்கள் உயரம்?

மேலூர் கார்னர்

ஐந்தடி எட்டு. எடை 72.

திருநகர் சேகர்

பந்தை உதைக்கும் கிக்கராகப் போங்கள். ஹாரிசன் பட்கருக்கு 2024-ல் வருஷத்துக்கு 6.4 மில்லியன், நம்ம காசில் 54 கோடி. யாரையும் மறிக்க வேண்டியதில்லை, முட்டியும் தேயாது.